ஒரு பகலுக்கு ஜாமீன்

1941 ஆடி, வெள்ளி.

இன்று செல்லையாவுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். யுத்தம் வேண்டாமென்று தெருமுனையில் தனியாக நின்று சொன்னதற்கு ஆறு மாதம் சிறையில் இருந்தவன். விடுதலையான பிறகும் தூத்துக்குடி எல்லையைத் தாண்டக் கூடாதென்று உத்தரவு. வேம்பாரில் மனைவிக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாளாகிறது. இவன் இன்னும் பார்க்கவில்லை. வியாபாரி யாராவது ஜாமீன் நின்றால் ஒரு பகல் போய்வரலாம் என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் சொன்னாராம்.

"போடுதேன்லே. ஆனா ஒரு வருசத்துக்கு நீ கூட்டம் கீட்டம்னு போய் வாயத் தொறக்கப்படாது" என்றேன். கொழும்புக்குப் போகும் என் கருப்பட்டித் தோணிக்கு அனுமதி தருவதும் இவனுக்கு எல்லை உத்தரவு போட்ட அதே அதிகாரிதான்.

செல்லையா சிரித்தான். "இன்ஸ்பெக்டரே இதக் கேக்கல அண்ணாச்சி. நீங்க அவருக்கும் மேல இருக்கியளே!"

நானும் சிரித்துவைத்தேன். அப்போதே சொன்னதைத் திரும்ப வாங்கியிருக்கலாம். கருப்பட்டிக்கு விலை பேசும்போதுகூடப் பனையேறியிடம் இவ்வளவு இறுக்கியதில்லை.

"பிள்ளைக்காவச் சரிங்கேன்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

படிந்த பேரம் இதுதான்: எனக்கு அவனுடைய ஒரு வருடப் பேச்சு, அவனுக்குக் காலை பஸ்ஸில் போய் விளக்கு வைப்பதற்குள் திரும்பவேண்டிய ஒரு பகல்.