ஓட்டை இல்லாத பன்

முத்தியால்பேட்டை
12.3.2006

மகளே,

நம் ரொட்டிக் கடையை விட்டு அந்தக் கம்பெனி பேக்கரியில் நீ சேர்ந்தது தப்புதான். அதில் மாற்றமில்லை.

நேற்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உங்கள் கடை வரிசையில் நின்றேன். நீ செய்கிற நண்டு பன் மூன்று வாங்கினேன். காலும் கொடுக்குமாக நிஜ நண்டு மாதிரியே இருக்கிறது. பிய்த்தால் உள்ளே கஸ்டர்டு ததும்புகிறது. எந்த வழியாக ஊற்றினாய்? கண்ணாடி போட்டுத் தேடினேன். மூன்றிலும் ஓட்டை இல்லை. நாற்பது வருடம் அடுப்பு முன்னால் நின்றவன் நான், எனக்கே பிடிபடவில்லை.

“பொண்ணக் கேட்டா முத்து உதுந்துடுமா?” என்கிறாள் உன் அம்மா.

வரும் ஞாயிறு உனக்கு லீவுதானே. ஒரு படி மாவு பிசையாமல் வைத்திருப்பேன்.

அப்பா