இன்னைக்கு என்ன ஊத்தினே?

போன ஞாயிற்றுக்கிழமை கெலுகோரில் மகள் வீடு மாற்றினாள். லிப்ட் பழுதாகிக் கிடந்ததால் அவளுடைய மர அலமாரியை நானும் மருமகனும் மாடிப்படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நான் முன்னால், அவர் பின்னால். படி திரும்பும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். எதற்காக நின்றேன் என்று முதலில் எனக்கே விளங்கவில்லை.

"என்ன மாமா, கனமா இருக்கா? கீழ வச்சிரலாமா?" என்றார் மருமகன்.

கனமெல்லாம் இல்லை. பின்னாலிருந்து "ஜாலான்" என்று ஒரு குரல் வரவேண்டும். அது வந்தால்தான் என் கால் எடுக்கும். அந்தக் குரல் உன்னுடையது. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. என் கால்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மருமகனிடம் இதை எப்படி விளக்குவது? ஜுருவில் அந்த இரும்பு வார்ப்பாலையில் நீயும் நானும் ஒரே தடியின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள். தடியின் நடுவில் ஒரு வளையம், வளையத்துக்குள் வாளி, வாளி நிறைய உருகிய இரும்பு. முன்னால் போகிறவன் நான். என் வேலை தாங்குவதும் நடப்பதும்தான். பின்னால் வருகிறவன் நீ. உன் முனையில் இருந்த கைப்பிடியைத் திருப்பினால்தான் வாளி சாயும், இரும்பு அச்சுக்குள் இறங்கும். எப்போது தூக்க வேண்டும், எப்போது நடக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவனும் நீதான். அங்காட், ஜாலான், துருன். மூன்றே சொல். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அத்தனை வருஷத்தில் உன் முகத்தைப் பார்த்ததைவிட உன் மூச்சைக் கேட்டதுதான் அதிகம். தூங்காமல் வந்திருக்கிறாயா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாயா என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன்.

நான் அந்த வேலைக்கு வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. பைராம் தோட்டத்திலிருந்து மோட்டாரில் கிளம்பி, முதலில் ஆள் எடுத்த இடத்தில் நுழைந்தவன். நீ வந்ததுதான் எல்லோருக்கும் வேடிக்கை. ஜார்ஜ் டவுனில் உன் வாப்பாவுக்கு நாசி கண்டார் கடை, சோறும் குழம்பும் விற்கிற கடை. மத்தியானம் ஆனால் வாசல் தாண்டி வரிசை நிற்கும். கல்லாவில் உட்கார வேண்டியவன் தினமும் ஃபெரி ஏறி, கடலைத் தாண்டி வந்து நெருப்புக்கு முன்னால் நின்றாய். உன் அண்ணன் ஒரு தடவை வார்ப்பாலைக்கே வந்து, வாசலில் நின்று, என்னிடம்தான் முறையிட்டார். "நீயாவது சொல்லு தம்பி. இவனுக்கு என்ன தலையெழுத்தா?"

நீ முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுச் சிரித்தாய். "அங்கயும் கொழம்பு ஊத்துறதுதான் அண்ணே, இங்கயும் கொழம்பு ஊத்துறதுதான். அங்க ஊத்துறது சாயங்காலத்துக்குள்ள தீந்துரும் லா. இங்க ஊத்துறது நம்ம பேரப்புள்ளைங்க காலத்துக்கும் கிடக்கும்."

அண்ணனுக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் நீ சொன்னது விளையாட்டுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். நாம் ஊற்றியதெல்லாம் சின்னச் சாமான்கள். சாக்கடை மூடி, தண்ணீர் பம்பின் கூடு, கப்பி. ஒவ்வொன்றையும் மணலிலிருந்து உடைத்து எடுக்கும்போது நீ போய்ப் பக்கத்தில் நிற்பாய். அது உன் வேலையே இல்லை. சூடு ஆறாத இரும்பைக் கையுறையோடு தடவிப் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணு ஊத்தணும் மச்சான். ஊத்தி முடிச்சா கை நடுங்கணும். அந்த மாதிரி ஒண்ணு," என்பாய்.

நோன்பு மாதத்திலும் நீ லீவு போடவில்லை. உலைக்கு முன்னால் நின்றால் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீ தண்ணீர் தொடாமல் நிற்பாய். உனக்கு முன்னால் குடிக்க மனசு வராமல், மணல் குவியலுக்குப் பின்னால் போய் நின்று குடித்துவிட்டு வருவேன். ஒரு நாள் பின்னாலேயே வந்துவிட்டாய்.

"நோம்பு எனக்கா உனக்கா? என் முன்னாடியே குடிடா. நீ ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிக்கிறதப் பாத்தாத்தான் எனக்குத் தாகமா இருக்கு."

அன்றைக்கே அது என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

பிறகு அந்த மழை வந்தது. கூரையில் ஓர் ஓட்டை இருந்தது எல்லோருக்கும் தெரியும். முதலாளி தவுக்கேயிடம் சொல்லியும் இருந்தோம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருந்தார். கடைசி வரிசையில் ஓர் அச்சின் மேல் தண்ணீர் சொட்டியிருக்கிறது. மேல் மணல் காய்ந்துவிட்டதால் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. உருகிய இரும்புக்கு ஈரம் ஆகவே ஆகாது. நீ வாளியைச் சாய்த்தாய். அச்சுக்குள்ளிருந்து குபுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் அச்சு இரும்பைத் திருப்பித் துப்பியது.

கண்ணை மூடிக்கொண்டேன். தோல் ஏப்ரன் மேல் பொறி விழுந்து பொரியும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது கையில் தடி ஆடாமல் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது. எப்போதும் போலவே வந்தது.

"மச்சான், கீழ போட்டுறாத. மெதுவா. என்கூடவே வா. இன்னும் கொஞ்சம். துருன்... துருன்."

காய்ந்த மணலில் வாளியை நேராக இறக்கினோம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதற்குப் பிறகுதான் திரும்பினேன். நீ தரையில் உட்கார்ந்து பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய். உருகிய இரும்பு அதன் வாய் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் நீ உன் முனையை விட்டிருந்தால் வாளி என் கால் பக்கம் கவிழ்ந்திருக்கும். யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். விட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. நீ விடவில்லை.

அதற்குப் பிறகு கூரையை மாற்றினார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து உன் காலில் வைத்தார்கள். மாதக்கணக்கில் படுத்திருந்து, எழுந்து, நடந்தாய். ஆனால் அந்தப் பாதம் சூட்டைத் தாங்காது, இனி உலைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் கல்லாவில் உனக்கு நாற்காலி போட்டார். அவர் நல்ல மனிதர். அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஃபெரி பிடித்து வருவேன். என்னைப் பார்த்ததும் கல்லாவை யாரிடமாவது கொடுத்துவிட்டு, இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ சொல்லிவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாய். முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

"இன்னைக்கு என்ன ஊத்தினே?"

"அதே பழைய சாமான்தான் லா," என்பேன். உடனே பந்தாட்டம், பிள்ளைகள் படிப்பு, மழை, வெயில் என்று பேச்சைத் திருப்பிவிடுவேன். மேசைக்கு அடியில் நீ அகலச் செருப்புக்குள் அந்தப் பாதத்தைச் சாய்த்து வைத்திருப்பது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு வார்ப்பாலைக் கதையை எப்படிப் பேசுவது? கை வெட்டுப்பட்டவனிடம் வீணை வாசிப்பைப் பற்றிப் பேசுவது மாதிரி இருந்தது எனக்கு. நீ மேசையில் இல்லாத ஈரத்தைத் துணியால் துடைப்பாய்.

ஒரு சனிக்கிழமை நீ என் தோள் பக்கம் மோந்து பார்த்து, "மணல் வாசம் இன்னும் போகல. பெரிய வேலையா?" என்றாய். "சும்மா லா, எப்பவும் போலத்தான்," என்றேன். என் கை கிளாஸைப் பிடித்திருந்தது. அதில் நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. நீ அதையும் பார்த்தாய் என்றுதான் நினைக்கிறேன்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அந்தச் சந்திப்புகள் நிற்கவில்லை. அந்தக் கேள்வி மட்டும் நின்றது. பிறகு ஒரு விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று உன் மகன் போன் செய்தான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்திருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு உன் மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவளும் நானும் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? பெக்டரிக் கதைய ஏன் அவங்ககிட்ட நீங்க சொன்னதே இல்ல?"

"அவன் மனசு கஷ்டப்படும்னுதான் தங்கச்சி. அந்தக் காலோட..."

அவள் சொன்னாள். "சனிக்கிழமையானா மத்தியானத்துலேர்ந்தே வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நீங்க போனப்புறம் நான் கேப்பேன், என்ன சொன்னாருன்னு. ஒண்ணும் சொல்லலம்பாங்க. நல்லா அழுத்திக் கேக்க வேண்டியதுதானேன்னேன். 'விடு, அதப் பேசினா அவனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துரும். என்னால இவனுக்கு இப்படி ஆயிருச்சேன்னு இன்னும் நெனச்சுக்கிட்டிருக்கான். பாவம்'னு சொல்லிட்டாங்க."

உனக்கு வலிக்கும் என்று நான் வாய் திறக்கவில்லை. எனக்கு வலிக்கும் என்று நீ மறுபடி கேட்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை தே தாரிக்கை ஆறவிட்டோம்!

"இப்பச் சொல்லுங்கண்ணே," என்றாள் அவள். "நான் கேக்குறேன்."

சொன்னேன். நீ மோந்து பார்த்தாயே, அந்த வாரத்தைச் சொன்னேன். கப்பல்களின் கயிற்றைக் கட்டி நிறுத்த, துறைமுக ஓரத்தில் கட்டை கட்டையாக இரும்பு நட்டிருப்பார்களே, அதற்கு ஆர்டர் வந்தது. அதுவரை எங்கள் வார்ப்பாலை கண்டிராத அளவு. தரையைத் தோண்டி அச்சை உள்ளே இறக்கினோம். ஒரு வாளி போதாது. இரண்டு பக்கமும் இரண்டு ஜோடி நின்று ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டும். உனக்குப் பதிலாக என் பின்னால் வந்தவன் ஒரு பங்களாதேஷ்காரன், என்னைவிட உயரம். ஆரம்பத்தில் தடி என் பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். என் இடுப்பு ஒடியும். அவன் முட்டியை மடக்கி நடக்கப் பழகினான், நான் நிமிர்ந்து நடக்கப் பழகினேன். அன்று நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் முதலில் போன இரும்போடு பின்னால் போகும் இரும்பு ஒட்டாது, உள்ளே பிளவு விழுந்துவிடும். வாளி மாற்றி வாளி ஓடினோம். கடைசியில் அச்சின் வாய் வரைக்கும் இரும்பு ஏறி வந்து, விளிம்பில் சிவந்து நின்றபோது தவுக்கே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மணலை உடைத்துச் சங்கிலி போட்டுத் தூக்கியபோது அது என் நெஞ்சு உயரம் இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

உன் மகன் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டான். அவள் முக்காட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப அது எங்கண்ணே இருக்கு?"

"தெரியல தங்கச்சி. லோரி வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. ஏதோ ஒரு துறைமுகத்துல கப்பலப் புடிச்சுக்கிட்டு நிக்கும்."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "அவங்க காதுல விழுந்திருந்தா, அது எந்த ஊர்ல நின்னாலும் தேடிப் போயிப் பாத்துட்டுத்தான் வந்திருப்பாங்க."

உண்மைதான். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அகலச் செருப்போடு பஸ் ஏறியிருப்பாய். என்னையும் இழுத்துக்கொண்டு போயிருப்பாய். நாம் இரண்டு பேரும் ஏதோ ஒரு துறைமுகத்து வெயிலில் நின்றிருப்போம்; காவல்காரனிடம் கெஞ்சி உள்ளே போய், நீ அதைத் தடவிப் பார்த்திருப்பாய். அந்தப் பயணத்தை நினைக்காத நாள் எனக்கு இல்லை. போகாத ஊரின் வழியெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது.

என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது. உலையின் உள்சுவர் விரிசல்விட்டு நாங்கள் ஓடிய கதை, பங்களாதேஷ்காரனுக்கு மகள் பிறந்த அன்று அவன் தடியைப் பிடித்துக்கொண்டே பாடிய கதை, எல்லாம் அப்படி அப்படியே இருக்கின்றன. வலி என் பக்கம் வராமல் நீ பிடித்து நிறுத்தினாய். நானும் உனக்கு அதையேதான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை போதும். தேநீர் ஆறுகிற நேரம் போதும். உன் முன்னால் உட்கார்ந்து அந்தக் கட்டையின் கதையை நிறுத்தாமல் ஊற்றி முடித்திருப்பேன்.