வருஷப் பூசைக்கு எந்தப் படம்

ஜூன் 29, 2025, ஞாயிறு

என் பொண்ணு கேரலுக்கு ஆபீஸ்ல குடுத்த டைரி. ஆறு மாசமா பீரோமேல சும்மா கிடந்தது. மனசுல இருக்கறத எழுதும்மான்னு சொல்லிட்டுத்தான் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறினா. ஏழாங்கிளாஸ் படிச்சவ என்னத்த எழுதறது.

லாயிட் மாமா வந்தாரு, என் வீட்டுக்காரர் கிளாரன்ஸோட அண்ணன். ஆகஸ்ட் பத்தாம் தேதியோட கிளாரன்ஸ் போய் ஒரு வருஷம், அன்னைக்கு வருஷப் பூசை. பீடத்துக்குக் கீழ வைக்க ஒரு பெரிய படம் வேணும். அவரு தனியா இருக்கற நல்ல படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அவரு இருந்த கடைசி கிறிஸ்துமஸுக்கு கேரல் எடுத்தது. மடியில கிதார், வாய் நிறைய சிரிப்பு. ஆனா போட்டுக்கிட்டிருக்கறது அந்தக் கறுப்பு டீ-ஷர்ட். நெஞ்சு பூரா பிளாக் சபாத்னு எழுத்து. அது ஒரு இங்கிலீஷ் பாட்டுக் கூட்டத்தோட பேரு. ராக் பேண்டாம்.

"பேய்ப்பாட்டு பாடறவனுங்க பேரப் போட்டுக்கிட்டு என் தம்பி கோயில்ல நிக்கணுமா, அல்போன்சா?"

ஸ்டூடியோவுல குடுத்தா தலைய மட்டும் எடுத்து, கோட்டு சூட்டு போட்ட உடம்புல ஒட்டித் தருவாங்களாம். சரி மாமான்னுட்டேன்.

ஜூலை 2, புதன்

ஸ்டூடியோ கோதண்டராமன் கம்ப்யூட்டர்ல காட்டினாரு. நெஞ்சு வரைக்கும் நீலக் கோட்டு, சிவப்பு டை. கிளாரன்ஸ் மாதிரியும் இருக்கு, பேங்க் மேனேஜர் மாதிரியும் இருக்கு. டை வேற கலர் மாத்தட்டுமாம்மான்னு கேட்டாரு. இதே இருக்கட்டும், பிரிண்ட் போடுங்கன்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சு. அந்தப் படத்துல கை இல்ல.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிஞ்சு டிரேவர் வந்தாரு. ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். இவரும் கிளாரன்ஸும் இருபது வருஷம் கோயில் கொயர்ல ஒண்ணா வாசிச்சவங்க. கையில ஃபோனோட வாசல்லயே நின்னாரு. நேத்து அந்த பேண்டோட கடைசிக் கச்சேரியாம், அவங்க சொந்த ஊர்லயே. "ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்னு பேசி வச்சிருந்தோம் சிஸ்டர். எனக்குத் தனியா பாக்க முடியல."

உள்ள வரச் சொல்லி டீ போட்டேன். சின்ன ஃபோன்ல ரெண்டு பேரும் பாத்தோம். பாடறவரு வயசானவரு, எழுந்து நிக்க முடியல, பெரிய நாற்காலியில உக்காந்துக்கிட்டே பாடறாரு. கூட்டம் அழுவுது. சத்தத்துல என் தலை வலிச்சுது, ஆனாலும் நிறுத்தச் சொல்லல.

இத்தனை வருஷமா நிறுத்துங்க நிறுத்துங்கன்னுதான் சொல்லியிருக்கேன். "அல்போன்சா, இவங்க கதை தெரியுமா உனக்கு"ன்னு அவரு ஆரம்பிக்கும்போதெல்லாம் எழுந்து போய் மிக்ஸி போடுவேன். வேணும்னேதான் போடுவேன்.

டிரேவர்கிட்ட கேட்டேன். யாரு இவங்க, ஒண்ணுமே தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி முதல்லேர்ந்து சொல்லுங்கன்னு.

இங்கிலாந்துல பர்மிங்ஹாம்னு ஊரு, எங்க பாத்தாலும் ஃபேக்டரி, நம்ம பீன்யா மாதிரின்னாரு. நாலு பசங்க, எல்லாம் வேலைக்காரக் குடும்பம். பாடற ஆஸி மாடு வெட்டற இடத்துல கூட வேலை செஞ்சிருக்காரு. முதல்ல வேற பேரு வச்சாங்களாம், அதே பேர்ல இன்னொரு பேண்ட் இருந்ததால மாத்திட்டாங்க. அவங்க வாசிச்சுப் பழகற இடத்துக்கு எதிர்ல இருந்த தியேட்டர்ல பேய்ப்படத்துக்குக் கூட்டம் வரிசையில நின்னுதாம். பயப்படறதுக்கு ஜனங்க காசு குடுக்கறாங்களே, நாமளும் பயமுறுத்தற பாட்டே போடலாம்னு யோசிச்சாங்களாம். அவ்வளவுதான் பேயி. 1970ல முதல் ரெகார்டு, ஒரே நாள்ல வாசிச்சு முடிச்சது. அப்புறம் பேரு, பணம், குடி, சண்டை. ஆஸிய வெளிய தள்ளினாங்க, வேற வேற ஆளுங்க பாடினாங்க, திரும்பச் சேந்தாங்க, திரும்பச் சண்டை. கடைசி நாள் பழைய நாலு பேரும் ஒரே மேடையில. எங்க மாமியார் வீட்டுக் கதை மாதிரியே இருக்கேன்னேன். டிரேவர் டீயத் துப்பிட்டாரு.

கிதார் வாசிக்கறவரு பேரு டோனி. பதினேழு வயசுல தகரம் வெட்டற ஃபேக்டரியில வேலையாம். வேலைய விட்டு நிக்கற கடைசி நாள் அது. மத்தியானம் சாப்பிட வந்தவருக்குத் திரும்பிப் போக மனசில்ல. அவங்கம்மாதான், போடா, கடைசி நாள், ஒழுங்கா முடிச்சுட்டு வான்னு அனுப்பினாங்களாம். அன்னைக்குத்தான் மெஷின்ல ரெண்டு விரல் நுனி போச்சு.



மீதி நாளைக்கு எழுதறேன்.

ஜூலை 7, திங்கள்

கிளாரன்ஸுக்கும் போனது ரெண்டு விரல் நுனிதான். 93ல, பீன்யாவுல தகரம் அமுக்கற ஒரு பிரஸ் ஷாப்ல, இடது கை. கிதார்ல கம்பிய அமுக்கற கை. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து கிதார வித்துடுன்னு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நாலு மாசம். அது எனக்குத் தெரியும். எழுந்து உக்காந்தது எப்படின்னு எனக்குத் தெரியாது. காயம் ஆறிடுச்சு, எழுந்துட்டாருன்னு நினைச்சேன்.

டிரேவர்தான் போய் அந்த டோனி கதையச் சொல்லியிருக்காரு. டோனி பிளாஸ்டிக் பாட்டில் ஒண்ண உருக்கி விரலுக்குத் தொப்பி மாதிரி செஞ்சாராம். வழுக்காம இருக்க மேல தோல் ஒட்டினாராம். அந்த விரல்லயே அம்பது வருஷத்துக்கு மேல வாசிச்சிருக்காரு.

பால் சட்டி!

என் பால் சட்டியில பிளாஸ்டிக் உருக்கினாரு கிளாரன்ஸ் ஒரு நாள். வீடெல்லாம் நாத்தம். ஒருத்தர் இப்படித்தான் செஞ்சாராம் அல்போன்சான்னு என்னமோ சொல்ல வந்தாரு. நான் கேட்டேனா? குடிச்சிருக்கியான்னு கத்தினேன். பத்து வருஷம் அந்தச் சட்டியச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

அடுத்த வாரம் தோல்ல ரெண்டு சின்ன உறை தைச்சுத் தாயேன்னு கேட்டாரு. கல்யாணத்துக்கு வந்த ஹேண்ட்பேக் கிழிஞ்சு கிடந்தது, அத வெட்டித் தைச்சுக் குடுத்தேன். விரல் வலிக்குது போலன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஜோடி. எத்தனை ஜோடி தைச்சிருப்பேன்! புடவைக்கு ஃபால் தைக்கற மாதிரி அதுவும் ஒரு வேலை. எதுக்குன்னு முழுசா ஒரு நாளும் கேக்கல.

சொல்லியிருக்கலாம்ல கிளாரன்ஸ். மிக்ஸிய ஆஃப் பண்ணிட்டுச் சொல்லியிருக்கலாம்ல.

ஜூலை 8, செவ்வாய்

டிரங்க் பெட்டியில கடைசி ஜோடி கிடைச்சுது. என் விரல்ல போட்டுப் பாத்தேன். பெருசா இருக்கு.

ஜூலை 23, புதன்

ஆஸி போயிட்டாராம். கேரல் ஃபோன் பண்ணினா. கச்சேரி முடிஞ்சு மூணு வாரம் கூட ஆகல.

அவரு பொண்டாட்டிய நினைச்சு ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன். எனக்கு அவங்க பாஷை தெரியாது. ஆனா இன்னைக்குக் காலையில அந்த வீடு எப்படி இருக்கும்னு தெரியும்.

ஜூலை 26, சனி

ஸ்டூடியோவுக்குப் போய் சூட்டு வேண்டாம், எடுத்தது எடுத்தபடி முழுசா பெருசு பண்ணுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். பிரிண்ட் போட்டாச்சேம்மான்னு கோதண்டராமன் பேஜார் ஆனாரு. பரவாயில்ல, அதுக்கும் காசு தரேன்னேன்.

சாயங்காலம் லாயிட் மாமா வந்து குதிச்சாரு. அவரு முன்னாடி நான் உக்காந்து பேசினதே இல்ல. இன்னைக்கு உக்காந்தேன். ஆஸியோட அப்பா ஃபேக்டரியில வேலை செஞ்சவரு, பசங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு அலுமினியத்துல ஆளுக்கு ஒரு சிலுவை செஞ்சு கழுத்துல போட்டு அனுப்பினாருன்னு சொன்னேன்.

"யார் சொன்னது?"

"டிரேவர்."

"டிரேவர் எப்ப ஃபாதர் ஆனான்?"

சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. வருஷம் ஆகப் போகுது சிரிச்சு. மாமாவும் முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அப்புறம் சொன்னேன். "மாமா, அந்தச் சூட்டுல கை இல்ல. கை இல்லாம அவர நான் எப்படி வைக்கறது?"

 மாமா போகும்போது, மாலை நான் வாங்கிட்டு வரேன்னாரு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாலை என்ன மாலை, குழந்தை தடிமனுக்கு ரோஜாவும் சம்பங்கியும்! மாமா முந்தியே போய்ப் போட்டு வச்சிட்டாரு. சட்டையில ஒரு எழுத்து தெரியல. கையும் தெரியல.

ஃபாதர் வர மணி அடிச்சாச்சு. எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. கேரல் என் முந்தானையப் பிடிச்சு இழுத்தா, இப்ப வேணாம்மான்னு. நான் போயிட்டேன். மாலைய ஒரு பக்கமா தள்ளினேன். கனம், ஃபிரேம் சாயுது. பின்னாடியிலேர்ந்து ரெண்டு கை வந்து ஃபிரேமப் பிடிச்சுது. மாமா.

"இன்னும் கொஞ்சம் தள்ளு"ன்னு மெதுவா சொன்னாரு. "விரல் மறைக்குது."

தள்ளினேன். நான் தைச்ச ரெண்டு உறையும் தெரிஞ்சுது. கறுப்பு நூல் தையல் கூட.

வீட்டுக்கு வந்து பிரியாணிக்கு மசாலா அரைக்க மிக்ஸிய எடுத்தப்போ டிரேவர் ஃபோன்ல அந்தக் கச்சேரியப் போட்டிருந்தாரு. பாட்டு முடியட்டும்னு நின்னேன்.