கை வைத்துக் காட்டு

ஜூன் 4
அன்புள்ள அம்மாவுக்கு,
போனில் பேசினால் சண்டை வரும் என்றுதான் எழுதுகிறேன். உன் தையல் மிஷினைப் பழுது பார்க்க வருகிற மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று என்னிடமே கேட்கிறாய். அப்பா போய் இத்தனை வருஷம் நீ தனியாகத்தான் இருக்கிறாய், எல்லாம் சரி. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் இது டீசன்ட்டாக இருக்குமா?
உன் மகள்

ஜூன் 11
என் செல்லக் கழுதைக்கு,
நீ வேண்டாமென்றால் இத்தோடு விட்டுவிடுகிறேன். ஆனால் டீசன்ட் என்றால் என்ன, அதைச் சொல். கடைக்கு வருகிற எல்லாரும் "பிளவுஸ் டீசன்ட்டா இருக்கணும்க்கா" என்றுதான் துணியைக் கொடுக்கிறார்கள். ஒருத்திக்குக் கழுத்து ஏற வேண்டும், இன்னொருத்திக்கு இறங்க வேண்டும். நானாக முடிவு பண்ணித் தைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம், "எங்க நிக்கணும், கை வச்சுக் காட்டும்மா" என்று கேட்டுவிடுகிறேன். நீயும் காட்டு. என் வயதா, அவர் தொழிலா, ஊர் வாயா?
நேரத்துக்குச் சாப்பிடு.
அம்மா

ஜூன் 20
அம்மா,
உன் கேள்வி என்னை விடவில்லை. இங்கே வீட்டுக்காரர் டீசன்ட்டான ஆட்களுக்குத்தான் வீடு தருவாராம். சத்தம் போடாத ஆட்கள் என்று அர்த்தம். ஆபீஸில், மேனேஜரை எதிர்த்துப் பேசாதவன் டீசன்ட். எனக்கு எது என்று கை வைத்துப் பார்த்தேன். வயதும் இல்லை, தொழிலும் இல்லை, ஊர் வாயும் இல்லை. நம் வீட்டு ஜன்னலோரம் கிடக்கிற அப்பாவின் நாற்காலி. அதில் இன்னொருவர் உட்கார்ந்து பேப்பர் படிப்பதை நினைத்தாலே அழுகை வருகிறது. அதைச் சொல்லத் தெரியாமல் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.
அவரிடம் உனக்கு என்ன பிடித்தது? டீசன்ட்டானவர் என்று மட்டும் எழுதிவிடாதே.
மகள்

ஜூன் 27
கண்ணம்மாவுக்கு,
அந்த நாற்காலியில் நானே இன்னும் உட்காரவில்லை.
அவர் மிஷினைப் பிரித்துப் போட்டிருக்கும்போது யாராவது அளவு கொடுக்க வந்தால், நான் சொல்லாமலே ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். மழை பெய்தாலும் அப்படித்தான். நான் கூப்பிடுகிற வரை உள்ளே வரமாட்டார். அதுதான் பிடித்தது. வாய் கொஞ்சம் நீளம், அதையும் உன்னிடம் நான் மறைக்கவில்லை.
அம்மா

ஜூலை 5
அம்மா,
நாற்காலியை நான் வந்து எடுத்துக்கொள்கிறேன், என் அறையில் இடம் இருக்கிறது. நீ அவரை உள்ளே கூப்பிடு.
கல்யாணத்துக்கு உனக்குப் பச்சைத் துணி அனுப்பியிருக்கிறேன். கழுத்தை உனக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்.
உன் கழுதை