சுமன் கழற்றிய கம்பி

மேற்பிரிவு லயம்,
கலவான.
11.07.2004

அன்பு மகன் அஜந்தனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், தம்பியும் இருக்கிறான், அதை முதலில் சொல்லிவிட்டேன், மீதியைப் பதறாமல் படி. கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு இங்கே தோட்டப் பாதைகளில் வண்டிப் போட்டி வைத்தார்கள். டவுன் முதலாளியின், பின்னால் சாமான் தட்டுள்ள கெப் வண்டியைத் தம்பி சுமன் ஓட்டுவதென்றும், கராஜ் ஹஸன் நானாவின் மகன் புவாட் பக்கத்தில் இருந்து வழி சொல்வதென்றும் ஏற்பாடு. அந்த வண்டியைப் பற்றித்தான் தம்பி உன்னோடு போனில் பேசிக்கொண்டே இருந்தான். பின்னால் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி, நீளமான ஷாக் அப்சோபர் போட்டு, ஏறுவதற்கே கை கொடுக்க வேண்டிய உயரத்துக்கு அதைத் தூக்கிவிட்டான். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பி ஒன்று அடியில் இருக்குமாம், சக்கரம் குழிக்குள் நன்றாக இறங்கட்டும் என்று அதையும் கழற்றிவிட்டான். லயத்து வீடுகள் பக்கம் கொண்டுவந்து திருப்பியபோது வண்டி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருஷம் தோட்டத்து லொறி ஓட்டுகிறவர் அல்லவா. யாரைக் கேட்டுச் செய்தாய் என்றார். அண்ணனைக் கேட்டுத்தான் என்றான் தம்பி. நீ அங்கே பாலைவனப் போட்டி லொறிகளுக்கு இதே வேலையைச் செய்கிறவன் என்பதால் அப்பா அதோடு விட்டுவிட்டார்.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. போகாதே என்று எவ்வளவோ சொன்னேன். பக்கத்தில் நின்ற முதலாளி சிரித்துக்கொண்டே “பயவென்ன எப்பா”, பயப்படாதே என்று சிங்களத்தில் சொன்னார், நான் பயந்ததுதான் அவருக்கு வேடிக்கை. விறகுக்கு என்று கத்தியை எடுத்துக்கொண்டு, மனசு கேட்காமல் ஓடைக்கு மேலே உள்ள வளைவில் போய் நின்றேன். இரண்டு வண்டி போனது. மூன்றாவது தம்பியுடையது. ஒரு பக்கச் சக்கரம் மண்மேட்டில் ஏறியதும் வண்டி அப்படியே மறுபக்கம் சாய்ந்தது, நிமிரவே இல்லை. பாதையை விட்டு உருண்டு, கீழே இரண்டு ரப்பர் மரத்தில் முட்டி நின்றது. அதற்குக் கீழே பாறை, ஓடை. புவாட் கண்ணாடி வழியாக வெளியே வந்துவிட்டான். தம்பி வரவில்லை. கை நசுங்கி, பெல்ட்டில் தொங்கிக்கொண்டு இருந்தான், பெல்ட் கழலவில்லை. டீசல் வாடை. மரம் ஒன்று வேரோடு அசைந்தது. அப்பா லொறியைக் கொண்டுவந்து சங்கிலியை வண்டியின் பின் அச்சில் மாட்டச் சொல்லிக் கத்துகிறார், மாட்டி முடியும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்கிறார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை மகன். சேற்றில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். “அம்மா வராதீங்க, வண்டி போகுது” என்றான் தம்பி. நான் பெல்ட்டை அறுத்தேன், புவாட் மறுபடி வந்து அவனைத் தோளோடு பிடித்து இழுத்தான். நாங்கள் மேலே ஏறி வந்த பிறகுதான் மரம் சாய்ந்தது, அதற்குள் மாட்டியிருந்த அப்பாவின் சங்கிலியில் வண்டி தொங்கியது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கையில் தகடு வைத்திருக்கிறார்கள். விரல் அசைகிறது, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அங்கே அப்பா உன்மேல் பட்ட கோபத்தை எப்படி எழுதுவேன். மணலும் இந்தச் சேறும் ஒன்றா, அங்கே உட்கார்ந்துகொண்டு இவனைச் சாகச் சொல்லிக் கொடுத்தானா என்று வார்டிலேயே சத்தம் போட்டார். இனி அவனோடு பேச்சு இல்லை என்றார். அப்போதுதான் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், “அண்ணே மேல பழி போடாதீங்கப்பா. ஒசத்துனா அந்தக் கம்பிய கழட்டவே கூடாதுன்னு அண்ணே ரெண்டு தடவ சொன்னிச்சு. புவாட்டும் சொன்னான். நாந்தான் கேக்கல.” அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டார்.

முதலாளி அடுத்த போட்டிக்கு அதே வண்டியை அப்படியே நிமிர்த்தி வேறொருவனிடம் கொடுக்கப் போகிறாராம். தம்பி கட்டுப் போட்ட கையோடு நேற்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போய், அந்தக் கம்பியை மாட்டாமல் யார் ஏறினாலும் அவன் வீட்டில் போய் நடந்ததைச் சொல்வேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இனி என் வாசலை மிதிக்காதே என்றாராம் அவர். மிதிக்க வேண்டாம். கை ஆறியதும் தன் கராஜுக்கே வேலைக்கு வரட்டும் என்கிறார் ஹஸன் நானா. அந்த முதலாளி சும்மா விடுவாரா என்றுதான் எனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை கராஜுக்குப் போன் எடு. தம்பி வெட்கத்தில் வரமாட்டேன் என்பான், புவாட் இழுத்துக்கொண்டு வருவான். அவனை ஏசாதே, வலி எப்படி இருக்கிறது என்று முதலில் கேள். அப்பாவும் பக்கத்தில் நிற்பார், ஆனால் போனை வாங்கமாட்டார், நீயே அவரைக் கேட்டு வாங்கிப் பேசு.

இன்னொன்று. நீங்கள் அங்கே உயர்த்துகிற லொறிகளை மணல் மேட்டில் முதலில் ஏற்றிப் பார்ப்பவன் நீதான் என்று தம்பி வாய் தவறிச் சொல்லிவிட்டான். மூன்று வருஷமாக நீ கராஜுக்குள் ஸ்பானரோடு நிற்கிறாய் என்று நினைத்துத்தான் நான் தூங்கினேன். இனி உண்மையை எழுது. ஏறாதே என்று சொல்ல மாட்டேன், சொன்னால் கேட்கிற பிள்ளைகளை நான் பெறவில்லை. எந்தக் கிழமை ஏறுகிறாய் என்று மட்டும் சொல், அன்று நான் விளக்கேற்றிவிட்டு முழித்திருப்பேன்.

அம்மன் உன்னைக் கைவிடமாட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. இராஜகுமாரி