நம் மகனைக் கேட்டு வந்தார்கள்

என் அன்புச் சுகந்தி,

எப்படித் தொடங்குவது என்று யோசித்து யோசித்து, நேரே சொல்லிவிடுவதுதான் நல்லது என்று முடிவெடுத்தேன். நம் இனியனை ஓர் அமெரிக்க பேஸ்போல் அணி எடுத்திருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளையை. ஜேர்மனியின் பான் நகரத்தில், நீ காய்கறிப் பையோடு நடந்து வந்த தெருவில் வளர்ந்த பிள்ளையை.

தமிழ்ப் பாடசாலை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குக் கட்டுரை வராது, உனக்குக் கடிதம் எழுத மட்டும்தான் வரும். மற்றவர்களும் வாசிக்கட்டும். கலியாண வீடுகளில் என்னைப் பிடித்து வைத்து, அது என்ன விளையாட்டு, கிரிக்கெட் மாதிரியோ என்று கேட்டவர்களுக்கும் இதிலே பதில் இருக்கும்.

அந்த அமெரிக்க அணிகள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தேடி உலகம் முழுக்க ஆள் அனுப்புகின்றன. கரீபியன் தீவுகளிலும் தென்னமெரிக்காவிலும்தான் அதிகம் தேடுவார்கள். ஜேர்மனியில் இருந்து போகிறவர்கள் மிகக் குறைவு. எடுத்த பிள்ளைகளைத் தங்கள் பயிற்சிக் கூடத்தில் தங்க வைத்து வருடக்கணக்காக வளர்ப்பார்கள். அதிலும் ஒரு சிலர்தான் அமெரிக்காவின் பெரிய மைதானத்துக்குப் போய்ச் சேர்வார்கள். இதையெல்லாம் இனியனின் பயிற்சியாளர் ஸ்டெபான் எனக்கு ஒளிக்காமல் சொன்னார்.

ஆனால் இதைத் தொடக்கியது நீதானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை ரைன் ஆற்றுப் பக்கம் நடந்துபோனபோது, வேலிக்கு அந்தப் பக்கம் சில பிள்ளைகள் பந்தை அடித்துவிட்டு ஓடுவதைக் கண்டு நின்றுவிட்டாய். இது எங்கடை எல்லே அல்லவா என்றாய். ஊர்ப் பள்ளிக்கூடத்தில், தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் அந்த எல்லே விளையாட்டில் நீ அணித் தலைவியாக இருந்தது எனக்குத் தெரியும், ஆனால் நீ விளையாடி நான் பார்த்ததில்லை. உள்ளே போய், உனக்குத் தெரிந்த டொச்சில், அந்த அரைகுறை ஜேர்மன் மொழியில், ஒரு பந்து அடித்துப் பார்க்கலாமா என்று ஸ்டெபானிடம் கேட்டாய். முதல் பந்து தப்பியது. அடுத்த பந்து வேலிக்கு மேலால் போனது. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். நீ மட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஏழு வயது இனியனை முன்னால் தள்ளிவிட்டாய்.

நான் அவனை நீச்சலுக்கு விடலாம் என்றேன். நீ கேட்கவில்லை.

நீ வேலை செய்த பாலர் பாடசாலையில், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாய். பிறவியிலேயே வந்த குறையால் இதயத் தசை தடித்திருந்தது என்று பிறகுதான் மருத்துவர்கள் சொன்னார்கள். அது பிள்ளைக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வளர்ந்து முடியும்வரை வருடம் ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார்கள். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. ஒவ்வொரு வருடமும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லி வந்தார்கள். ஆனாலும் அந்த அறைக்குள் நான் போனதில்லை. உன்னைக் கொண்டுபோன மருத்துவமனையும் அதுதான். நடைபாதைக் கதிரையில் உட்கார்ந்துவிடுவேன்.

உன் செத்தவீடு முடிந்த கிழமையே அவன் மைதானத்துக்குப் போனான். நான் மறிக்கவில்லை. பஸ் ஓட்டும் வேலை முடிந்ததும் நானும் அங்கே போய் இருக்கத் தொடங்கினேன். ஒன்றும் விளங்காது. அவன் இடக்கையால் எறிவான், எதிரே நிற்பவன் காற்றை அடிப்பான், எல்லோரும் கைதட்டுவார்கள், நானும் தட்டுவேன்.

சென்ற கோடையில் ஒரு போட்டியின்போது, ஒரு மனிதர் வேலிக்குப் பின்னால் நின்று, வீதியில் பொலிஸ் வேகம் அளப்பதுபோல ஒரு கருவியை இனியனை நோக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஹென்ட்ரிக், ஒல்லாந்துக்காரர், அந்த அமெரிக்க அணிக்குப் பிள்ளைகளைத் தேடித் திரிபவர். கருவியில் விழுந்த இலக்கத்தை எனக்குக் காட்டினார். சுகந்தி, இத்தனை வருடத்தில் நான் பஸ்ஸை ஒருநாளும் அந்த வேகத்தில் ஓட்டியதில்லை. நாங்கள் சோறு ஊட்டிய பிள்ளையின் கையில் இருந்து அது புறப்படுகிறது. எங்கே இருந்து வந்தது அவனுக்கு அது?

பிறகு ஹென்ட்ரிக் எங்கள் வீட்டுக்கே வந்தார். பெண் பார்க்க வருகிற மாதிரி நான் வீட்டைக் கழுவித் துடைத்து, தமிழ்க் கடையில் ரோல்ஸ் வாங்கி வைத்திருந்தேன். அவர் மூன்று தின்றார், உறைப்பில் கண் கலங்கியும் நிறுத்தவில்லை. எல்லாம் நல்லபடி போனது. கடைசியாக மடிக்கணினியைத் திறந்து, அமெரிக்காவில் இருக்கும் அணியின் மருத்துவரோடு பேச வைத்தார். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்பார், இனியன் எனக்குத் தமிழில் சொல்வான், நான் சொல்லும் பதிலைத் திருப்பிச் சொல்வான்.

முறிவு ஏதும் உண்டா, மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று போய்க்கொண்டிருந்தது. அப்போது மருத்துவர் ஒன்று கேட்டார். இனியன் என் பக்கம் திரும்பினான்.

"குடும்பத்திலை ஆராவது இளவயசிலை திடீரெண்டு செத்தவையோ எண்டு கேக்கிறார்." அதே குரலில், முகம் மாறாமல், அதோடு சேர்த்துச் சொன்னான். "அம்மாவைச் சொல்லாதேங்கோ அப்பா. சொன்னா அவை என்னை எடுக்க மாட்டினம்."

கேட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் அது ஒரே வசனம்போலத்தான் கேட்டிருக்கும். மருத்துவர் பொறுமையாகக் காத்திருந்தார். ஹென்ட்ரிக் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? இல்லை என்று தலையாட்ட ஒரு நொடி போதும். ஆனால் பெயர் தெரியாத ஒரு மைதானத்தில், வெயிலில், அவன் எறிந்துவிட்டு மடிந்து விழுவது என் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஏன் விழுந்தான் என்றே தெரியாமல் இருக்கும். நான் அவனைப் பார்க்காமல், திரையைப் பார்த்து, எனக்கு வருகிற ஆங்கிலத்தில் சொன்னேன். என் மனைவி, இதயம், முப்பத்தொன்பது வயது.

மருத்துவர் முதலில் தன் அனுதாபத்தைச் சொன்னார். பிறகு, புதிதாக ஒரு முழுப் பரிசோதனை முடியும்வரை எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். ஹென்ட்ரிக் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

"நீங்கள் என்ரை வாழ்க்கையை முடிச்சிட்டியள்" என்றான் இனியன். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். ஹென்ட்ரிக்கிடம் இருந்தும் ஒரு செய்தியும் இல்லை.

மருத்துவமனைக்குப் போன அன்று நான் வழக்கம்போல நடைபாதைக் கதிரையில் இருந்தேன். இனியனை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். ஆறடி உயரம், என் முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

"உள்ளுக்கு வாங்கோ அப்பா. எனக்குத் தனியப் போக ஏலாது."

போனேன். அவனை இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார்கள். எறிகிற அந்தக் கையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை நித்திரை கொள்கிற மாதிரிக் கிடந்தான். இளம் பெண் மருத்துவர் ஒருவர் அவன் நெஞ்சில் கருவியை வைத்தார். திரையில் அவன் இதயம் வந்தது.

சுகந்தி, நான் அதை எப்படிச் சொல்வேன்? கறுப்புக்குள்ளே அது சுருங்கியது, விரிந்தது, சுருங்கியது. நடுவில் இரண்டு மெல்லிய இதழ்கள், மீன் வாய் திறந்து மூடுவதுபோல, ஒருக்காலும் பிந்தாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காத வேலை. அவனே நினைத்தாலும் நிறுத்த முடியாத வேலை. நீ வயிற்றில் அவனைச் சுமந்தபோது, இதேபோல ஒரு திரையில் ஓர் அரிசி மணி மினுங்குவதைக் காட்டி, இதுதான் இதயம் என்றார்களே. நீ என் விரலை நெரித்துப் பிடித்தாயே. அந்த அரிசி மணி அன்று தொடங்கியதை ஒரு நொடியும் விடாமல் செய்து இவ்வளவு பெரிதாகியிருக்கிறது. அது உன் இரத்தத்தில் தொடங்கியது. உன்னுடையது நின்ற பிறகும் இது நிற்கவில்லை. நான் கோயிலில்கூட அப்படிக் கைகூப்பி நின்றதில்லை.

மருத்துவர் அங்கங்கே நிறுத்தி அளந்தார். சுவர்கள் இருக்கவேண்டிய தடிப்பில்தான் இருக்கின்றன என்றார். விளையாடத் தடையில்லை, ஆனால் வருடாந்தப் பரிசோதனையை விடக்கூடாது என்றார். நான் அவரிடம் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் கருவியை எடுக்கவில்லை. இனியன் படுத்தபடியே திரையைப் பார்த்தான்.

"அம்மாவின்ரையும் இப்பிடித்தான் அடிச்சிருக்குமோ?" என்று கேட்டான்.

"ஓமடா" என்றேன். 

அறிக்கை அமெரிக்காவுக்குப் போனது. பதில் வந்தபோது நான் கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்தியிருந்தேன். ஹென்ட்ரிக் இனியனுக்குப் போன் எடுக்கவில்லை, எனக்குத்தான் எடுத்தார். எடுக்கிறோம் என்றார். அங்கேயும் வருடா வருடம் இதயத்தைப் பார்ப்போம், அது எங்கள் பொறுப்பு என்றார். பஸ்ஸில் ஏறக் காத்திருந்த வயதான ஜேர்மன் பெண்மணி ஒருவர், நான் கண்ணைத் துடைப்பதைக் கண்டு என்ன நடந்தது என்று கேட்டார். என் மகனை எடுத்துவிட்டார்கள் என்று டொச்சில் சொன்னேன். அவர் பயந்துபோய் என் தோளைத் தொட்டார். விளக்கிச் சொல்லிச் சிரிக்க வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் பயந்ததில் பிழையில்லை. எங்கள் காலத்தில் இலங்கையில், சண்டைக்குப் பிள்ளையைக் கேட்டு ஆட்கள் வந்தால் தாய்மார் பிள்ளையை ஒளித்துவைப்பார்கள். இவன் வயதில் நான் ஊரைவிட்டு வந்தபோது, எந்த நாட்டிலும் எனக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. கதவு கதவாகத் தட்டினேன். இவனைக் கேட்டு, கடல் தாண்டி, எங்கள் படியேறி வந்தார்கள். கதிரையில் உட்கார்ந்து, நல்ல மரியாதையாகக் கேட்டார்கள். இப்படியும் உலகத்தில் நடக்குமா?

விளையாட்டுக் கழகத்து மண்டபத்தில் கையெழுத்து வைத்தோம். பதினெட்டு ஆகாததால் நானும் வைக்கவேண்டும். ஸ்டெபான் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உன் தங்கை கனடாவில், ரொறன்ரோவில் இருந்து அழைத்து, படிப்பு என்னாகும் அத்தான் என்று கேட்டாள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான், மிச்சத்தை அங்கிருந்தே படிக்க ஒழுங்கு செய்திருக்கிறார்கள் என்றேன். அவளுக்கு அரைத் திருப்தி.

புறப்படுவதற்கு முந்தின நாள் பின்னேரம் இனியன் என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒரு தடித்த தோல் கையுறையை என் கையில் மாட்டி, பந்தைப் பிடிக்கச் சொன்னான். மெதுவாகச் சில எறிந்தான். நான் பிடித்தேன், விட்டேன், புல்லுக்குள் தேடினேன். முழு வேகத்தில் ஒன்று எறியச் சொன்னேன். அவன் மறுத்தான். நான் விடவில்லை. கடைசியில் வந்து என் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்தான்.

"அப்ப கையை ஆட்டாதேங்கோ. நீங்கள் பிடிக்க வேண்டாம். நான் கொண்டு வந்து வைக்கிறன்."

தூரத்துக்குப் போய் நின்றான். காலைத் தூக்கினான். பந்தை நான் காணவே இல்லை. காற்றில் ஒரு சீறல் கேட்டது, கைக்குள் ஓர் இடி விழுந்தது, தோள் வரைக்கும் அதிர்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் பந்து கையுறைக்குள் இருக்கிறது. நான் கையை அசைக்கவில்லை. சொன்னபடியே அவன் கொண்டுவந்து வைத்திருந்தான். உள்ளங்கை இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. அந்த வீக்கம் வற்றியபோது எனக்குக் கவலையாக இருந்தது.

இப்போது அவன் டொமினிக்கன் குடியரசில், அணியின் பயிற்சிக் கூடத்தில் இருக்கிறான். வெனிசுவேலாப் பிள்ளைகள் இருவரோடு ஓர் அறை. வாழைக்காய்ப் பொரியல் நல்லாயிருக்கு, எங்கடை மாதிரி என்கிறான். ஸ்பானிய மொழி படிக்கிறான். முதல் ஆட்டத்தில் அவன் எறிந்த பந்துகள் நிறைய அடி வாங்கினவாம், அதையும் மறைக்காமல் சொன்னான். பெரிய மைதானத்துக்குப் போவானா, வெறுங்கையோடு திரும்பி வருவானா, எனக்குத் தெரியாது. எதுவென்றாலும் கதவு திறந்தே இருக்கும்.

தை மாதத்துக்கு விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். போறன் சுகந்தி. வேலிக்குப் பின்னால் நின்று, அவன் எறிகிற ஒவ்வொரு பந்தையும் பார்ப்பேன். நல்லதையும் பார்ப்பேன், அடி வாங்கியதையும் பார்ப்பேன். பார்த்ததை ஒன்றும் விடாமல், கூட்டாமல் குறைக்காமல், வந்து உனக்குச் சொல்வேன். இது சத்தியம்.

உன் பிள்ளையைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும்,
உன் மனுசன்,
இனியனின் அப்பா