ஆயிரம் மீட்டருக்குக் கீழே ஒரு மலை

மே 12, செவ்வாய்

மழை. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மூன்றே பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள மட்டும் வந்தார்.

சாயங்காலம் மகள் வெரேனா போனில். செப்டம்பரில் கல்யாணமாம். பெற்றவள் சந்தோஷப்படுகிற அளவுக்குச் சந்தோஷப்பட்டேன். மூச்சு விடுவதற்குள் நிபந்தனை வந்தது.

"நீ, நான், மார்கிட் மூணு பேரும் ரெண்டு நாள் மலைக்குப் போறோம். அங்க நீங்க ரெண்டு பேரும் மனுஷங்க மாதிரி இருந்தா ஊரைக் கூட்டி விருந்து. இல்லையா, யாரையும் கூப்பிடல. நானும் அவனும் மட்டும் கோபன்ஹேகன் போய் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவோம். உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு என்னால கேக் வெட்ட முடியாதும்மா."

மார்கிட் என்பவர் கெப்ஹார்டின் இப்போதைய மனைவி. நான் பழைய மனைவி. இரண்டு பேருமே திருமதி லாட்னர். கடைப் பலகையில் அந்தப் பெயர்தான் இருக்கிறது, அதனால் நான் மாற்றவில்லை. கெப்ஹார்டு மலைக்கு வரமாட்டானாம், முழங்கால் வலி. எப்போது வலிக்க வேண்டும் என்று அந்த முழங்காலுக்கு நன்றாகத் தெரியும்.

மே 13, புதன்

இருப்பது ஒரே மகள். அவள் கல்யாணத்தில் நான் இல்லாமலா? போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு என்றும் சொன்னேன். வெரேனாவுக்கு ஆச்சரியம்.

காரணம் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால் இங்கே யாரும் யாரையும் 'நீங்கள்' என்பதில்லை. மேயரும் 'நீ', மாடு மேய்ப்பவனும் 'நீ'. அப்படி ஒரு வழக்கம். ஒன்பது வருடமாக அந்த அம்மாளை 'நீங்கள்' போட்டு எட்ட நிறுத்தி வைத்திருக்கிறேன். உயரத்தைக் காட்டும் ஒரு பலகையைத் தாண்டியதும் அவர் என்னை 'நீ' என்பார், நான் பல்லைக் காட்ட வேண்டும். முடியாது. புருஷனைத்தான் குடுத்தாச்சே! 'நீ'யும் வேணுமாக்கும்?

ஆகவே ஆயிரத்துக்குக் கீழே ஒரு மலை தேவை. டிரோலில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே.

மே 16, சனி

கிடைத்தது. மலையேறுபவர்கள் இரவு தங்கும் ஒரு காட்டுக்குடில், 960 மீட்டர். உச்சி என்று காட்ட பக்கத்தில் ஒரு மேடு, 985. உச்சியில் வழக்கமாக நிற்கும் சிலுவை இல்லை. பெஞ்சு இருக்கிறது.

மே 19, செவ்வாய்

வெரேனாவுக்கு விவரம் அனுப்பினேன்.

"அம்மா, இது மலையேற்றமா, நாயைக் கூட்டிக்கிட்டு நடக்குறதா?"

முழங்கால் என்றேன்.

"முழங்கால் அப்பாவுக்கு. உனக்கு வேற என்னமோ."

இருந்தாலும் ஒத்துக்கொண்டாள்.

ஜூன் 3, புதன்

குடில்காரர் கூப்பிட்டார். "மன்னிச்சுக்கோங்க, அந்த வாரம் என் தங்கச்சிக்குக் கல்யாணம். குடில் பூட்டியிருக்கும்." 960 மீட்டரிலிருந்து பேசியதால் 'மன்னிச்சுக்கோங்க' என்றார். மனிதர் வழக்கம் தெரிந்தவர். ஆனால் ஊரில் எல்லோருக்கும் ஏன் இந்த வருடமே கல்யாணம் ஆக வேண்டும்?

பொறுப்பை வெரேனா பிடுங்கிக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் வேறு குடில் பிடித்துவிட்டாள். 1420 மீட்டர். மூன்று மெத்தைகள், ஒரே வரிசை. "நடுவுல நான் படுத்துக்கிறேன், பயப்படாத."

பயமாம். எனக்கா?

ஜூன் 11, வியாழன்

கடை பூட்டிய பிறகு ஒத்திகை. "மார்கிட், நீ சூப் சாப்பிடுறியா?" என் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றிலும் பல்வலிக்காரி மாதிரிதான் தெரிந்தேன்.

ஜூன் 19, வெள்ளி

பை கட்டியாயிற்று. மழையங்கி, கொப்புளத்துக்குப் பட்டை, மெத்தையில் விரிக்க உறை. பொறுமை, இருக்கிற அளவு.

ஜூன் 20, சனி, குடிலில்

எல்லோரும் சாப்பாட்டுக்கூடத்தில் பாடுகிறார்கள். நான் மெத்தையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஒரு வளைவில் அந்தப் பலகை வந்தது. 1000. வெரேனா பரீட்சை அறை வாத்தியாரம்மா மாதிரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். ஆனால் அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"திருமதி லாட்னர், பாதை குறுகலா இருக்கு. நீங்க முன்னாடி போங்க."

நீங்க!

சரி, மறந்திருப்பார் என்று நினைத்தேன். 1200-இலும் 'நீங்க'. 1300-இலும் 'நீங்க'. குடில்காரருக்கு என்னை முன்பின் தெரியாது, "உனக்கு உருண்டை சூப்பா, நூடுல் சூப்பா?" என்கிறார். ம்யூனிக் பல் டாக்டர் ஒருவர், "அந்த உப்பை இப்படித் தள்ளு" என்கிறார். இவர் மட்டும், "நீங்க ரொட்டி எடுத்துக்கிறீங்களா?" மேசையே திரும்பிப் பார்த்தது. மலைமேல 'நீங்க'ன்னா அது மரியாதையா? செருப்பால அடிச்ச மாதிரி! அத்தனை பேர் முன்னாடி!

'நீ' வேண்டாம் என்றுதானே நானே மலை மலையாகத் தேடினேன்? அப்புறம் ஏன் எனக்கு இப்படி எரிகிறது? தெரியவில்லை. எரிகிறது, அவ்வளவுதான். வெரேனா சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. கோபன்ஹேகன்தான் என்று முகத்தில் எழுதியிருந்தது.

வாசலில் பூட்ஸ் கழற்றும்போது நாங்கள் இருவர் மட்டும். கேட்டேவிட்டேன்.

"உங்களுக்கு இங்க உள்ள வழக்கம் தெரியாதா?"

"தெரியுங்க."

"பின்ன என்ன?"

"மலை குடுக்குற 'நீ' எனக்கு வேண்டாங்க. கீழ எறங்கினா அது செல்லாது. நீங்க பெரியவங்க, நீங்கதான் தரணும். ஒம்போது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்."

நாலே வயசுதான் பெரியவள் நான். அதைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் என் பூட்ஸையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் காயவைக்கப் போய்விட்டார்.

ஜூன் 21, ஞாயிறு

இறங்கினோம். ஆயிரம் பலகையை இறங்கு வழியில் யாரும் பார்க்கவில்லை.

வண்டி நிறுத்துமிடம், 540 மீட்டர். வெரேனா ஸ்டீரிங் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் தன் வண்டியில் பையை வைத்துவிட்டு, "வரேங்க, திருமதி லாட்னர்" என்றார்.

"என் பேரு கெர்லின்டே" என்றேன்.

மூத்தவர் இளையவரிடம் வலியப் போய்ப் பெயரைச் சொன்னால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்: இனிமேல் 'நீ'.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? அதுக்கு இப்படியா பதில் சொல்றது?" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வண்டிக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"என் பேரு மார்கிட்."

"அதுவும்தான் தெரியும்."

கை கொடுத்தேன். வெரேனா ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தாள். அழுதாளா, சிரித்தாளா, கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, "எண்பது பேர் வருவாங்கம்மா, மண்டபம் பாக்கணும்" என்றாள்.

ஜூலை 10, வெள்ளி

கல்யாணத்துக்கு உடுப்பு எடுக்கப் போனோம். மார்கிட் பச்சையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பச்சை சுத்தமாகப் பொருந்தாது. சொன்னேன்.

"நீ சும்மா இரு, கெர்லின்டே" என்றாள்.

சும்மா இருந்தேன்.